1870 ஆம் ஆண்டுப் பிரெஞ்சு–ஜேர்மானிய யுத்தமும் அல்சேஸ் பிரச்சினையும்

1870 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் நாள் பிரான்சு பிரஷியாமீது யுத்தப் பிரகடனஞ் செய்தது. இதற்குக் காரணம் யாதென வினவின், மாணவர் பலர் ‘எம்ஸ் தந்தி’ என ஒரே சொல்லில் விடை பகர்வர். அவ்விடை பிழையன்று, ஆயின் போதியதுமன்று.

1866 இல் சடோவாவில் ஆஸ்திரியாவை முறியடித்த பிரஷியா, மறு ஆண்டில் வட ஜேர்மன் கூட்டிணைப்பை நிறுவிற்று. பவேரியா முதலிய தென்னாட்டு அரசுகள் அதனுட் புகாது விலகி நின்றன. அவற்றை உள்ளே ஈர்த்தற்குப் பொதுப்பகை ஒன்று வேண்டுமெனப் பிஸ்மார்க் உணர்ந்திருந்தார். மூன்றாம் நெப்போலியனின் பிரான்சோ, தன் எல்லையருகே ஒரு பேரரசு எழுவதை ஒருப்படாது. இந்நிலையில், வெறிதாயிருந்த ஸ்பானிய அரியணைக்குப் பிரஷிய அரச குடும்பத்தினரான லியோபோல்ட் என்பாரின் பெயர் அடிபட்டது. பிரான்சு கொதித்தெழவே, ஜூலை 12 இல் அவர் பெயர் மீட்கப்பட்டது. பிரான்சு அவ்வளவில் அமைந்திருப்பின் வெற்றி அதற்கே உரியதாகியிருக்கும். வெளிநாட்டமைச்சர் கிராமொன் அமையவில்லை. இனி ஒருகாலும் இத்தகைய முயற்சிக்கு இசைவதில்லை என மன்னர் வில்லியம் உறுதி கூறல் வேண்டும் என்றார். எம்ஸ் நகரிலிருந்த மன்னர் அதனைப் பண்போடு மறுத்தார். அச்செய்தி தாங்கிய தந்தியைப் பிஸ்மார்க் சுருக்கி வெளியிட்டார். சுருங்கிய வடிவில், மன்னர் தூதரை அவமதித்தார் எனப் பிரெஞ்சுக்காரரும், தூதர் மன்னரை அவமதித்தார் என ஜேர்மானியரும் பொருள்கொண்டனர். சுருக்கி எழுதுதலைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வுதாரணத்தை நினைவிற் கொள்வது நன்று.

போர்ச் செய்திகளை விரித்தல் வேண்டியதில்லை. செப்ரெம்பர் 2 இல் செடானில் நெப்போலியன் சிறைப்பட்டார். பாரிஸ் நான்கு மாதத்துக்கு மேல் முற்றுகையுட் கிடந்தது. 1871 ஜனவரி 18 இல் வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜேர்மன் பேரரசு பிரகடனஞ் செய்யப்பட்டது.

அவ்வாண்டு மே 10 இற் கைச்சாத்தான பிராங்பேர்ட் உடன்படிக்கை 500 கோடி பிராங்கை நட்டஈடாக விதித்தது. பிரான்சு அதனை 1873 ஆம் ஆண்டளவிற் செலுத்தித் தீர்த்துவிட்டது. தீராது நின்றது, பெல்போர் நீங்கலான அல்சேசையும் லொரெயினின் ஒரு பகுதியையும் இழந்த இழப்பே. ஸ்ட்ராஸ்பூர்க், மெற்ஸ் ஆகிய கோட்டைகளைச் சேனாதிபதி மோல்ட்கே வேண்டினார். படைத்தலைவர் வேண்டியதற்குப் பண்டிதர் நியாயங் கற்பித்தனர். அல்சேஸ் மக்களுட் பெரும்பாலார் இல்லத்திற் பேசியது ஜேர்மன் கிளைமொழியாதலின் அவர் ஜேர்மானியரே என்பது மொம்சென் முதலியோர் வாதம். ஸ்ட்ராஸ்பூர்க்கிற் பேராசிரியராயிருந்த புஸ்தெல் த கூலாஞ்சு 1870 இலேயே இதனை மறுத்து, மொழியும் இனமுமன்று, மக்களின் விருப்பமே நாட்டினத்தை ஆக்குவது என வாதித்தார். போர்தோவிற் கூடிய தேசிய சபையில் அப்பிரதேசப் பிரதிநிதிகள் தம்மைப் பிரித்தலை வன்மையாகக் கண்டித்தனர். அக்கண்டனம் ஏறெடுத்தும் பார்க்கப்படவில்லை.

கூலாஞ்சின் வாதமே வலியுடைத்து என்பது எம் கருத்து. எனினும் பிரான்சு தானும் அதனை முற்றக் கைக்கொண்டதெனல் இயலாது. 1918 இல் அப்பிரதேசம் மீண்டபோது மக்கள் வாக்குக் கேட்கப்படவில்லை. பாடசாலைகளிற் பிரெஞ்சு மொழியே போதனாமொழியாயிற்று. அல்போன்ஸ் தோதேயின் ‘கடைசிப் பாடம்’ என்னுங் கதையிற் பிரெஞ்சுப் பாடம் நின்றுபோதற்கு வருந்தும் சிறுவனை நாம் அறிவோம். 1918 இன் பின்னர் வீட்டுமொழியைப் பாடசாலை வாயிலில் விட்டுச்சென்ற சிறுவனைப் பற்றிய அத்துணைப் புகழ்பெற்ற கதை யாதும் இல்லை. 1940 இல் ஜேர்மனி மீண்டும் அந்நிலத்தைக் கவர்ந்தது. 1942 முதல் அங்குள்ள இளைஞர் ஏறக்குறைய 130,000 பேர் ஜேர்மன் படைகளிற் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். 1945 இல் அது மறுபடியும் பிரான்சின் வசமாயிற்று. எழுபத்தைந்து ஆண்டுகளுள் நான்குமுறை ஆட்சி கைமாறிற்று.

இவ்வலைப்பில் அகப்பட்ட குடும்பங்களுள் றொபேட் சூமானின் குடும்பமும் ஒன்று. லொரெயினிற் பிரெஞ்சுப் பிரசையாகப் பிறந்த தந்தையார் 1871 இன் பின் ஜேர்மன் பிரசையானார். 1886 இல் லக்சம்பேர்க்கிற் பிறந்த மகனும் பிறப்பால் ஜேர்மன் பிரசையே. 1919 இற் பிரெஞ்சுப் பாராளுமன்றம் புகுந்த அவர், 1950 மே 9 இல் வெளிநாட்டமைச்சராக நின்று, இரு நாடுகளின் நிலக்கரி, உருக்கு உற்பத்தியைப் பொது அதிகாரம் ஒன்றின்கீழ் வைக்குமாறு பிரேரித்தார். மறு ஆண்டு ஆறு நாடுகள் அதற்கிசைந்து ஒப்பமிட்டன. லொரெயினின் இரும்புத்தாதும் அவ்வேற்பாட்டினுள் அடங்கிற்று.