பெங்களூர் தந்த நடுக்கள வீரர்

பெங்களூர்த் தண்டுப் பகுதியில் தமிழ் மக்கள் குடியேறிய வரலாற்றைக் கூறப் புகுவோர், கோயில்களையும் அங்காடிகளையும் சொல்லி நிறுத்திவிடுவர். கால்பந்தை எவரும் சொல்வதில்லை. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்கே படைவீடு அமைத்தனர். படையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து வந்த நம்மவர், அல்சூரிலும் அதனைச் சூழ்ந்த பேட்டைகளிலும் தங்கினர். சிப்பாய்கள் ஆடிய ஆட்டம் பேட்டைப் பிள்ளைகளையும் பற்றிக்கொண்டது. 1937-இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி ரோவர்ஸ் கோப்பையைக் கைப்பற்றிற்று. அக்கோப்பையை வென்ற முதல் இந்திய அணி அதுவேயாகும். அல்சூரை அடுத்த கௌதமபுரத்திலோ, அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளுக்கு அருகே பிரேசில் நாட்டுப் பெலேக்கும் சிலை எடுத்திருக்கின்றனர்!

இந்நகரில் 1971 ஏப்ரல் 13 அன்று பிறந்தவர் கார்ல்ட்டன் சாப்மன். அவரைத் தமிழர் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. ஆயினும் அவர் நடந்த பாதை, பிழைப்பின் பொருட்டு மாநிலம் கடந்து வந்த நம் அனைவருக்கும் நன்கு பழகிய பாதை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடத்தில் ஒரு சொல் இடறுகிறது. 'மிட்ஃபீல்டர்' என்பவரை நடுக்கள வீரர் என்கிறோம். களத்தின் நடுவே நிற்பவர் என்று அது பொருள்படும். உண்மையில் அவர் நிற்பதே இல்லை. பின்களத்தார் தடுத்த பந்தை வாங்கி, ஒரு கணத்தில் திரும்பி, முன்களத்தார் ஓடிச் சேரக்கூடிய இடத்திற்கு அனுப்ப வேண்டும். பந்து பறிபோனால் பின்னோக்கி ஓடி மறிக்க வேண்டும். கோல் விழுந்தால் பெயர் முன்களத்தாருக்கு. தொண்ணூறு நிமிடமும் பிறருக்காக உழைக்கும் இவ்வேலையில்தான் சாப்மன் சிறந்து விளங்கினார்.

பெங்களூரில் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் நல்ல அணிகளை வளர்த்தன. 1977-இல் நடந்த முதலாவது ஃபெடரேஷன் கோப்பையை ஐ.டி.ஐ. அணியே வென்றது; அதுவும் இறுதியாட்டத்தில் மோகன் பகானைத் தோற்கடித்து. எனினும் அங்கே ஆட்டக்காரர்களை வாழவைத்தது நிறுவன உத்தியோகம். ஆட்டமே ஊதியமாக வேண்டுமெனில் கல்கத்தாவுக்கு ரயிலேற வேண்டும். வெறுங்காலுடன் ஆடிப் புகழ்பெற்ற அகமது கான், 1949-இல் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தது அவ்வாறே. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வழி மாறவில்லை. 1990-இல் சாப்மன் ஜாம்ஷெட்பூரிலுள்ள டாட்டா கால்பந்துப் பயிற்சிக் கழகத்திற்குச் சென்றார். அங்கிருந்து 1993-இல் அதே ஈஸ்ட் பெங்கால் கழகம்.

அவ்வாண்டு ஆசியக் கோப்பை வென்றோர் போட்டியில் ஈராக்கின் அல் சவ்ரா அணி எதிர்ப்பட்டது. மேற்காசியாவின் வலிய கழகங்களுள் ஒன்று அது. ஈஸ்ட் பெங்கால் 6-2 என்று வென்றது. மூன்று கோல்கள் சாப்மனுடையவை. வாழ்நாளெல்லாம் பிறருக்குப் பந்தெடுத்துக் கொடுத்தவரை, இரசிகர்கள் அவரே அடித்த அம்மூன்று கோல்களைக் கொண்டே பெரிதும் நினைவுகூர்கின்றனர். இதுவும் ஒரு வேடிக்கைதான்.

1995-இல் பஞ்சாபின் பக்வாராவிலிருந்த ஜே.சி.டி. ஆலையின் அணிக்குப் பெயர்ந்தார். அங்கே கேரளத்து ஐ.எம். விஜயனும் சிக்கிமின் பாய்ச்சுங் பூட்டியாவும் முன்களத்தில் ஆட, அவர்களுக்குப் பந்து சென்ற வழி பெங்களூர்க்காரரின் கால்கள். வெவ்வேறு மொழி பேசும் மூவர், கோதுமை வயல்களின் நடுவே ஒரு துணியாலையின் பெயரால் ஒன்றுபட்டு, 1996-97-இல் முதலாவது தேசியக் கால்பந்து லீக் பட்டத்தை அதற்கு வென்று தந்த அணியில் ஆடினர். 1997-இல் காத்மாண்டுவில் தெற்காசியக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் சாப்மன் இருந்தார். நாட்டின் அணித் தலைவராகவும் விளங்கியவர் அவர். இடையே சிறிது காலம் கொச்சிக் கழகம்; பிறகு மீண்டும் ஈஸ்ட் பெங்கால். 2000-01-இல் அவர் தலைமையில்தான் அக்கழகம் முதன்முறையாகத் தேசிய லீக்கை வென்றது. பட்டம் கையிலிருந்த அந்த 2001-ஆம் ஆண்டிலேயே தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகினார், வயது 30.

விலகிய பின்னரும் சொந்த ஊர் அவரை நிலையாக வைத்துக்கொள்ளவில்லை. ஜாம்ஷெட்பூரில் இளைஞர்களைப் பயிற்றினார். ஷில்லாங்கில் ராயல் வாகிங்டோ அணியை நடத்தினார். பின்னர்க் கோழிக்கோடு சென்றார். பெங்களூர் எஃப்.சி. என்னும் முழுமையான தொழில்முறைக் கழகம் 2013-இல் தோன்றி, முதற் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம் பெற்றது. அப்படியொரு கழகம் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இருந்திருந்தால் அவர் ரயிலேறியிருப்பாரா என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

2020 அக்டோபர் 12 அன்று, பெங்களூரில், மாரடைப்பால் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 49.