நாய் காக்குமா, நாய் இருக்கிறது என்ற நினைப்பு காக்குமா?



"அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள், திருட்டு பயமாக இருக்கிறது, ஒரு நாய் வாங்கிவிடலாமா சார்?" என்று உங்களில் மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதிலும் வரலாற்றிலிருந்துதான் வரும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் பக்கம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா பெயரையே நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஒரு காவல் நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக நிற்கிறது. அந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியமாக இருந்திருக்க வேண்டும்!

கோவிவன் கடித்தது. ஆனால் கடிக்காமலே காக்கலாம் என்று ரோமானியர்கள் கண்டுகொண்டார்கள். 1ஆம் நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா, பண்ணை வீட்டுக்குக் கறுப்பு நாய்தான் நல்லது என்கிறார். பகலில் பார்த்தாலே திருடன் பயப்படுவான், இரவில் அவன் கண்ணுக்கே தெரியாது. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பே நகரில், ஒரு வீட்டின் வாசல் தரையில் சங்கிலி கட்டிய நாயின் படத்தைச் சிறு கற்களால் பதித்து, "நாய் ஜாக்கிரதை" என்று லத்தீனில் எழுதியிருக்கிறார்கள். நம் கேட்டில் தொங்குகிற பலகைக்கு அதுதான் பூட்டன்!

சரி, பயம் திருடனுக்கு. வீட்டுக்காரனுக்கு வருகிற தைரியம் எவ்வளவு நிஜம்? இதற்கு 1888இல் லண்டனுக்குப் போக வேண்டும். வொய்ட்சாப்பல் பகுதியில் பெண்கள் அடுத்தடுத்துக் கொலையானார்கள். செப்டம்பர் 30 ஒரே இரவில் இரண்டு பேர். ஊரே நடுங்கியது. மோப்ப நாய் கொண்டுவாருங்கள் என்று கூச்சல் எழுந்தது. போலீஸ் கமிஷனர் சார்லஸ் வாரன், பார்னபி, பர்கோ என்ற இரண்டு நாய்களை வரவழைத்து, பூங்காவில் தானே ஓடிப்போய் ஒளிந்து அவற்றைச் சோதித்துப் பார்த்தார். நவம்பர் 9 காலை மேரி கெல்லி என்ற பெண் அறைக்குள் கொலையுண்டு கிடந்தபோது, நாய்கள் வரட்டும் என்று பூட்டிய கதவுக்கு வெளியே போலீஸார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். நாய்களோ ஏற்கெனவே உரிமையாளரிடம் திரும்பிப் போயிருந்தன. பிறகுதான் கதவை உடைத்தார்கள். இல்லாத நாயை நம்பி நின்றதுதான் மிச்சம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பிரான்ஸின் செயின்ட் மாலோ துறைமுகத்தில் கப்பல்களைத் திருடர்களிடமிருந்து காக்க, இரவானால் கோட்டைக்கு வெளியே பெரிய நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். பல நூற்றாண்டு வழக்கம். உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். 1770இல் ஓர் இளம் கடற்படை அதிகாரி அந்த நாய்களிடம் சிக்கி இறந்தார். அத்தோடு வழக்கத்தை நிறுத்தினார்கள். திருடன் யார், நேரம் கழித்து வீடு திரும்புகிறவன் யார் என்று நாய்க்குத் தெரியாது.

இதை நம் குடும்பத்திலேயே பார்த்தேன். மாமா போன பிறகு தனியாக இருக்கும் என் பெரியக்காவுக்கு அவள் மகன் ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டான். அக்கா பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். அது சின்ன விஷயம் இல்லை. தூக்கமில்லாத முதுமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தினம் சாயங்காலம் வந்து பேசிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டம்மா வருவதை நிறுத்திவிட்டார். நாயைப் பார்த்துப் பயம். அக்காவே யோசித்து, சாயங்காலம் மட்டும் நாயைக் கொல்லையில் கட்ட ஆரம்பித்தாள். அந்த அம்மாவும் வரத் தொடங்கினார்.

ஆகவே பிள்ளைகளே, வாங்குவதானால் வாங்குங்கள். நாய் தருகிற நிம்மதி பொய்யில்லை. ஆனால் குரைப்பு என்பது பூட்டு அல்ல, கூப்பிடுகிற குரல். எடுத்தனூர் கல்லில்கூட நாய் தனியாக இல்லை, பக்கத்தில் ஒரு மனிதன் இருக்கிறான். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். உங்கள் பெற்றோரால் அதற்குச் சோறு வைத்து, வெளியே கூட்டிப்போக முடியுமா என்று பாருங்கள். முக்கியமாக, நடுராத்திரியில் அது குரைத்தால் விளக்கைப் போட்டு "என்ன சத்தம்?" என்று கேட்க அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களுடைய போன் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். நாய்க்குட்டியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.