உடலைத் தமிழில் கற்ற மாணவர்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில் வித்துரா என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூருக்கு அப்பால் போணக்காட்டுத் தேயிலைத் தோட்டம். அதற்கும் அப்பால் காட்டு வழியே ஏறினால் 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடம். தமிழுக்கும் சித்த மருத்துவத்துக்கும் முதலாசிரியராக நம் முன்னோர் போற்றிய அகத்திய முனிவர் உறைந்த இடம் அது என்பது மரபு. கிழக்கே நெல்லைச் சீமையிலிருந்து நோக்குவோர் அம்மலைத் தொடரைப் பொதிகை என்பர். அங்கேதான் தாமிரபரணி பிறக்கிறது.

அம்மலையின் மேற்கு அடிவாரமாகிய வித்துராவில் இன்று இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் அமைந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனத்தில் பல மாநிலத்து மாணவர்கள் உயிரியலும் பிற அறிவியல்களும் பயில்கின்றனர். உயிரணுவின் அமைப்பைப் பற்றியும், குருதி ஓட்டத்தைப் பற்றியும், நோய்க் கிருமிகளைப் பற்றியும் அவர்கள் எழுதும் பயிற்சிக் கட்டுரைகள் யாவும் ஆங்கிலத்தில் அமைந்தவை. இதில் வியப்பேதும் இல்லை. நாடெங்கும் உள்ள நிலை இதுவே. ஆயினும் மேலே அகத்தியர் மலையும் கீழே ஆங்கில வகுப்பறையுமாக உள்ள அக்காட்சியைக் காணுங்கால் ஒரு கேள்வி எழுகிறது. மனித உடலைப் பற்றிய புதிய அறிவியலைக் கல்லூரி மாணவர்கள் தமிழிலேயே கற்று, தமிழிலேயே எழுதிய காலம் ஒன்று இருந்ததா?

இருந்தது. அது நம் நாட்டில் அன்று. கடல் கடந்த யாழ்ப்பாணத்தில்.

1847ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அவர் மானிப்பாயில் மருத்துவப் பணியை மேற்கொண்டார். நோயாளிகளோ பலர், மருத்துவரோ ஒருவர். ஆகவே 1848இல் சில இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். முதலில் பாடம் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது.

சில ஆண்டுகளில் கிறீன் ஓர் உண்மையைக் கண்டார். ஆங்கிலத்தில் பயின்ற இளைஞன் ஊரில் தங்குவதில்லை. சம்பள உத்தியோகத்தை நாடி வெளியூருக்குப் போய்விடுகிறான். கிராமத்து நோயாளி பழையபடியே துணையற்று நிற்கிறான். தமிழில் பயின்றவனோ தன் மக்களிடையே தங்குவான். அவர்கள் மொழியிலேயே நோயை விசாரிப்பான். தான் கற்றதை அவர்களுக்கு விளங்கச் சொல்வான். இவ்வாறு கருதிய அவர் தாமே தமிழைக் கற்றுத் தேர்ந்தார். 1857இல் அமெரிக்கா சென்று 1862இல் மீண்டு வந்தபின், மேனாட்டு மருத்துவத்தை முழுமையாகத் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார்.

கற்பிப்பதற்கு நூல் வேண்டுமே! ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே நூல்களை ஆக்கினர். மாணவர்கள் ஆங்கில நூல்களைப் பகுதி பகுதியாக மொழிபெயர்க்க, கிறீன் அவற்றைத் திருத்தி அச்சுக்கு ஆயத்தம் செய்தார். இக்காலத்துக் கல்லூரி மாணவன் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடும் பயிற்சிக் கட்டுரை போன்றதன்று அது. ஒரு மாணவன் எழுதிய பக்கமே அவனுக்குப் பின்வரும் மாணவனுக்குப் பாடநூல் ஆயிற்று. ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘வைத்தியாகரம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’, ‘மனுஷ சுகரணம்’ என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். அவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்.

இந்நூற்பெயர்களை உற்று நோக்கினால் அவர்கள் சொற்களை ஆக்கிய முறை விளங்கும். பொருத்தமான சொல் தமிழில் வழங்கினால் அதனையே கொண்டனர். இல்லையெனில் வடசொல்லை நாடினர். அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்பத் திரித்துக்கொண்டனர். புண்ணைக் குறிக்கும் ‘இரணம்’ மக்கள் நாவில் முன்பே வழங்கிய சொல்; அறுவை மருத்துவ நூல் அதனாலேயே பெயர் பெற்றது. உடற்கூற்றை ‘அங்காதிபாதம்’ என்றும், உறுப்புகள் தொழிற்படும் இயல்பை ‘சுகரணம்’ என்றும் வடமொழி அடியாக அமைத்தனர். வேதியியலுக்கோ ‘கெமிஸ்தம்’ என்றே பெயரிட்டனர். தூய்மை குறைந்தது என்று சிலர் குறை கூறலாம். ஆனால் கற்க வந்தவன் விரைவிற் கற்றான். அதுவே அவர்களுடைய அளவுகோல்.

இம்முயற்சிக்கும் திருவிதாங்கூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. திருவிதாங்கூர் அரசவை மருத்துவராக விளங்கிய எட்வர்ட் ஜான் வேரிங் என்பார், கடைத்தெருவில் எளிதிற் கிடைக்கும் மருந்துப் பொருள்களைப் பற்றி 1860இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பின்னர் 1868இல் இந்திய மருந்து நூல் ஒன்றையும் தொகுத்தார். கிறீனின் வரிசையில் வந்த ‘இந்து பதார்த்த சாரம்’ அம்மருந்து நூலை ஆதாரமாகக் கொண்டதே. இம்மலைநாட்டில் பணியாற்றியவரின் அறிவு கடல் கடந்து சென்று தமிழ் உருப்பெற்றது.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விடாது நடத்தி, 1884இல் மறைந்தார். மானிப்பாயில் அவர் பெயரால் அமைந்த நினைவு மருத்துவமனை இன்றும் உள்ளது. ஆயினும் அவர் வகுத்த தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி தோன்றியது. அங்கே பயிற்றுமொழி ஆங்கிலம். அரசின் ஆதரவும் உத்தியோகமும் எந்த மொழியின் பக்கம் நின்றனவோ, மாணவரும் அந்த மொழியின் பக்கம் சென்றனர். பிழை நூல்களில் இல்லை; அந்நூல்களைக் கற்றவனுக்கு வாயில் திறக்கும் அரசு இல்லாமற் போயிற்று.

இங்கே ஜப்பானை ஒப்புநோக்குவது தகும். 1771இல் சுகிதா கென்பாக்கு முதலான மருத்துவர் சிலர், டச்சு மொழி உடற்கூற்று நூல் ஒன்றைக் கையிற் கொண்டு, மனித உடல் அறுக்கப்படுவதை நேரிற் கண்டனர். நூலின் படங்கள் மெய்யுடலோடு ஒத்திருப்பதைக் கண்டு வியந்து, டச்சு மொழியைத் தட்டுத் தடுமாறிக் கற்று, 1774இல் அதனைத் தம் நாட்டில் வெளியிட்டனர். நரம்பைக் குறிக்க அவர்கள் அன்று ஆக்கிய ‘ஷின்கேய்’ என்னும் சொல்லை ஜப்பானிய மருத்துவர் இன்றும் வழங்குகின்றனர். நம் அங்காதிபாதமோ வழக்கொழிந்தது. பிற்காலத்தார் ‘உடற்கூற்றியல்’ என மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அங்கே சொல்லைத் தொடர்ந்து கல்வியும் வளர்ந்தது. இங்கே கல்வி அறுந்தது, சொல்லும் அறுந்தது.

மீண்டும் வித்துரா மலைக்கு வருவோம். 1987இல் ஆராய்ச்சியாளர் சிலர் அகத்தியர் மலைக் காட்டில் காணி மக்களை வழிகாட்டிகளாகக் கொண்டு நடந்தனர். வந்தவர்கள் களைத்துச் சோர, வழிகாட்டிகள் ஏதோ சிறு கனிகளைத் தின்று சோர்வின்றி நடந்தனர். அது என்னவென்று வினவியபோது முதலில் அவர்கள் சொல்லத் தயங்கினர். நம்பிக்கை பிறந்த பின்னரே செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப் பச்சை. வித்துராவுக்கு அண்மையிலுள்ள பாலோடு தாவரவியல் ஆராய்ச்சித் தோட்டத்தில் அதனை ஆய்ந்து, ‘ஜீவனி’ என்னும் மருந்தைச் செய்தனர். 1995இல் அதனை உற்பத்தி செய்யும் உரிமை ஒரு மருந்து நிறுவனத்துக்கு வழங்கப்பெற்றது; அதனால் வந்த வருவாயில் பாதி காணி மக்களுக்கென முடிவாயிற்று; 1997இல் அவர்களுக்காக அறக்கட்டளையும் அமைந்தது. அச்செடியைப் பற்றிய அறிவு எந்தக் கல்லூரி நூலிலும் இருந்ததில்லை. காட்டு மக்களின் பேச்சில் இருந்தது. பேச்சுக்குச் செவி கொடுத்ததால் அது ஆய்வுக்கூடத்துக்கு வந்தது.

மருத்துவத்தின் முதற்பாடம் இதுவே. நோயாளி தன் மொழியிலேயே நோகிறான். ‘குத்துகிறது’ என்பதும் ‘குடைகிறது’ என்பதும் ஒன்றல்ல. ‘எரிகிறது’ வேறு, ‘கடுக்கிறது’ வேறு. இவ்வேறுபாடுகளை அறியாத மருத்துவனுக்கு நோயின் பாதிச் செய்தி கிட்டாமலே போகிறது. 2022இல் மத்தியப் பிரதேசம் முதலாண்டு மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டதன் பின்னே நிற்கும் கேள்வியும் கிறீன் 170 ஆண்டுகளுக்கு முன் கேட்டதேயாம்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இவ்வரலாறு பழங்கதையன்று. உத்தியோகம் எந்த மொழியின் பக்கமோ அந்தப் பக்கம் வந்தவர்கள் நாம். நம்மைப் போன்றோரை எண்ணியே கிறீன் வருந்தினார் எனலாம். நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும், வாழும் மாநிலத்தின் மொழியிலும் நன்கு கற்கட்டும். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் உயிரியல் பயிற்சிக்காகப் பிள்ளை மனித உடலின் படத்தை வரைந்துகொண்டிருக்கும் மாலை வேளையில், அருகே அமர்ந்து கல்லீரல், மண்ணீரல், கணையம், நுரையீரல் என ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக் கொடுப்பதற்குக் கால் மணி நேரம் போதும். ஊரிலிருந்து வரும் பாட்டி இரவில் தன் நோவைச் சொல்லும்போது, மருத்துவம் பயிலும் அப்பேத்திக்கு அது விளங்க வேண்டும். மானிப்பாயில் ஓர் அயல்நாட்டார் தமக்கு அன்னியமான மொழியைக் கற்றது அதன்பொருட்டே.