மண்ணும் தாளமும்: ‘சக்தி’ இசைக்குழுவில் கடத்தின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

ஜாஸ் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் இந்தியக் கலைஞர்களுடன் இணைந்து 1970களில் உருவாக்கிய ‘சக்தி’ இசைக்குழு, மேலைக் கலைஞர் ஒருவரின் புதுமுயற்சியாகவே பெரிதும் பேசப்படுகிறது. அக்குழுவின் இசை, தென்னிந்தியத் தாள மரபை அடித்தளமாகக் கொண்டிருந்தது என்பதையும், கச்சேரி மேடையில் துணைநிலை பெற்றிருந்த கடம் அங்கே முதன்மை பெற்றது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஜாஸ், கடம், கொன்னக்கோல், தனி ஆவர்த்தனம், சக்தி.

முன்னுரை

ஜாஸ் இசை அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய கலைவடிவம். மனோதர்மம் அதன் உயிர்நாடி. கருநாடக இசையும் மனோதர்மத்தையே போற்றுவதால் இவ்விரு மரபுகளும் சந்திப்பது இயல்பே. மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் கித்தார் வாசித்துப் புகழ்பெற்ற மெக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். இருவேறு மரபுகளை மேலோட்டமாக ஒட்டவைப்பதோடு நின்றுவிடாமல், மற்றொரு மரபின் இலக்கணத்தை ஆசிரியரிடம் முறையாகக் கற்றதிலிருந்தே ‘சக்தி’ தொடங்குகிறது.

குழுவும் கலைஞர்களும்

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரியின் ஒலிப்பதிவே குழுவின் முதல் இசைத்தட்டாக 1976இல் வெளிவந்தது. மெக்லாக்லினுடன் வயலின் கலைஞர் எல். சங்கர், தபேலாக் கலைஞர் ஜாகிர் உசேன், கடக் கலைஞர் தே. எச். விநாயக்ராம், மிருதங்கக் கலைஞர் ஆர். இராகவன் ஆகியோர் அதில் பங்கேற்றனர். சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. இலட்சுமிநாராயணாவின் மகன். விநாயக்ராம் 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தவர். ஆக, குழுவின் ஐவருள் மூவர் கருநாடக இசை மரபில் வளர்ந்தவர்கள்.

குறைப்பும் உரையாடலும்

கருநாடகக் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் முதலில் வாசிக்க, கடம் அதற்கு விடை கூறும். ‘குறைப்பு’ எனும் பகுதியில் இவ்விரு கருவிகளும் மாறிமாறி வாசிக்கும் கால அளவு படிப்படியாகச் சுருங்கும். இறுதியில் இரண்டும் இணைந்து மோரா, கோர்வையுடன் நிறைவுசெய்யும். ஜாஸ் கலைஞர்கள் நான்கு தாள அளவைகளாகப் பிரித்துக்கொண்டு மாறிமாறி வாசிக்கும் முறையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆயினும் அங்கே அளவு பெரும்பாலும் மாறாது; இங்கே சுருங்கிச் செல்வதால் இறுக்கம் கூடுகிறது. ‘சக்தி’யின் நீண்ட படைப்புகளில் கித்தாரும் வயலினும்கூட இவ்வகை வினாவிடையில் ஈடுபட்டன. தாளக்கருவிகளுக்குரிய இலக்கணம் இங்கே குழு முழுமைக்கும் உரிய பொதுமொழியாயிற்று.

முதல் இசைத்தட்டுக்குப் பின் இராகவன் குழுவில் தொடரவில்லை. அதனால் தென்னிந்தியத் தாளத்தின் முழுப்பொறுப்பும் விநாயக்ராமைச் சேர்ந்தது. அவர் மிருதங்கமும் வாசித்தார். எனினும் தபேலாவுக்கு எதிரே நிகராக நின்றது கடமே. குடத்தின் வாயை வயிற்றோடு ஒட்டியும் விலக்கியும் ஒலியின் கனத்தை மாற்றும் நுட்பம், தோற்கருவியின் துணையின்றியே ஆழ்ந்த ஒலியை எழுப்ப உதவியது. மிருதங்கத்துக்கு விடை கூறிவந்த கருவி, இங்கே வினாவும் எழுப்பியது.

மரபின் தொடர்ச்சி

மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ (1991) இசைத்தட்டில் விநாயக்ராமும் பங்கேற்றார்; சிறந்த உலக இசைத்தொகுப்புக்கான கிராமி விருதை அத்தொகுப்பு பெற்றது. இந்திய அரசு 2014இல் அவருக்குப் பத்மபூஷண் வழங்கியது. விருதுகளைக் காட்டிலும் நிலைத்து நிற்பது கற்பித்தல். அவருடைய தந்தை ஹரிஹர சர்மா சென்னையில் நிறுவிய ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயத்தில் பயின்றவர்களுள் சுகன்யா ராம்கோபால் குறிப்பிடத்தக்கவர். ஆண்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட கடத்தில் பெண் கலைஞராக அவர் தனியிடம் பெற்றார்.

விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ், பின்னாளில் ‘ரிமெம்பர் சக்தி’ எனப் புதுவடிவம் பெற்ற குழுவில் கஞ்சிரா வாசித்தார். அவருடன் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும் இணைந்தார். மெக்லாக்லினும் செல்வகணேஷும் கொன்னக்கோலைக் கற்பிக்கும் காணொளிப் பாடம் ஒன்றை 2007இல் வெளியிட்டனர். குருவின் எதிரே அமர்ந்து வாய்மொழியாகக் கற்கப்பட்ட சொற்கட்டுகள் இவ்வாறு மேலை இசை மாணவர்களின் பாடப்பொருளாயின. ‘சக்தி’யின் ‘திஸ் மொமென்ட்’ (2023) தொகுப்பு 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றபோது, செல்வகணேஷும் விருதாளர்களுள் ஒருவராக இருந்தார்.

முடிவுரை

‘சக்தி’யை ஜாஸ் வரலாற்றின் ஒரு கிளையாக மட்டும் எழுதினால் தமிழகத் தாளக்கலைஞர்கள் ‘உடன் வாசித்தவர்’ என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுவர். கருநாடக இசை வரலாற்றிலிருந்து அதனை விலக்கினாலோ, கடம் அடைந்த நிலைமாற்றம் பதிவாகாமல் போகும். இருவகை வரலாறுகளையும் இணைத்து நோக்கும்போதே, மண்ணாலான ஒரு கருவி துணைநிலையிலிருந்து முதன்மைநிலைக்கு உயர்ந்தமை தெளிவாகும். இவ்விசைப்பதிவுகளில் அமைந்த தாளக் கணக்குகளைத் தமிழ்க் கலைச்சொற்களால் பகுத்தாய்வது இசைத்தமிழ் ஆய்வின் அடுத்த பணியாகும்.