காங்கேசன்துறையும் கொட்டகைக் கூத்து அரங்கும்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றில் இசைநாடகம் தனித்துவமான இடத்தைப் பெறுகின்றது. யாழ்ப்பாணத்து மக்கள் அதனைக் கொட்டகைக் கூத்து என வழங்கினர். அரங்கின் பெயரே கலையின் பெயராயிற்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவியது. மேலைநாட்டு ஒபரா அரங்குகளிற் காணப்படும் படச்சட்ட மேடையும் ஓவியத் திரைகளும் அதனோடு வந்தன. அவ்வலையில் உருவாகிய சிங்கள நூர்த்தி, 1911இல் கொழும்பு மருதானையில் டவர் மண்டபம் என்னும் நிலையான அரங்கைப் பெற்றது. தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோர் வளர்த்த இசைநாடகமோ, யாழ்ப்பாணத்திற் பெரும்பாலும் கிடுகு வேய்ந்த தற்காலிகக் கொட்டகைகளிலேயே நிலைகொண்டது.

கொட்டகை கலையின் இயல்பையும் மாற்றியது. நாட்டுக்கூத்துத் திறந்த களரியில் ஆடப்பட, மக்கள் சுற்றியிருந்து கண்டனர். கொட்டகையிலோ யாவரும் ஒருபக்கமிருந்தே நோக்கினர். வீதி, அரண்மனை, காடு எனத் திரைகள் மாறின. ஆட்டம் பின்தள்ளப்பட, ஆர்மோனியத்தோடும் மிருதங்கத்தோடும் இயைந்த பாட்டே முதன்மை எய்தியது.

இம்மரபை உச்சநிலைக்கு உயர்த்திய பெருமை காங்கேசன்துறைக்கு உரியது. 1902இல் புகையிரதத்தையும் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலையையும் பெற்ற இத்துறைமுகப் பட்டினத்திலேயே நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) தோன்றினார். ஆசிரியராகப் பணியாற்றிய அவர், வசந்த கான சபாவின் வாயிலாக இசைநாடகத்தை ஊர்தோறும் கொண்டு சென்றார். அரிச்சந்திரன் கதையின் மயான காண்டம் அவரது பெயரோடு பிரிக்கவியலாதவாறு இணைந்தது. சுடலை காக்கும் அரிச்சந்திரனாக அவர் பாடியதைக் கேட்கக் கோயில் வீதிகளில் மக்கள் விடிய விடிய விழித்திருந்தனர்.

அவர் மறைந்த மறு ஆண்டிலேயே, 1990இல், காங்கேசன்துறை மக்கள் போரினால் முற்றாக இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. புகையிரதம் மீண்டும் அங்கு வந்தது 2015இலேயே. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் கொட்டகை எழுப்பிய கைகளும் கூடியிருந்து கேட்ட ஊரவையும் திசைதோறும் சிதறின.

கல்லாலான மண்டபம் அழியின் அதன் இடிபாடாயினும் சான்றாக எஞ்சும். ஓலைக் கொட்டகையோ அத்தகைய தடயம் எதனையும் விட்டுச் செல்வதில்லை. அதன் வரலாறு பாடியோர் குரலிலும் கேட்டோர் நினைவிலுமே தங்கியுள்ளது. முதியோர் வாழுங் காலத்திலேயே அம்மெட்டுக்களையும் மேடை வழக்குகளையும் பதிவுசெய்தல் வேண்டும். காங்கேசன்துறை அரங்கிற்கு இன்று எழுப்பத்தக்க நிலையான கட்டடம் அதுவேயாகும்.