கிளட்ச்
பழைய புல்லட்காரர்கள் ‘கிளட்ச் பிடி’ என்பது லீவரை இழுப்பதைத்தான். ஆனால் கை பிடித்தால் உள்ளே பிளேட்டுகள் விடுகின்றன. கை விட்டால்தான் பற்றுகின்றன. அதனால் ‘கிளட்ச் பிடிக்கலை’ என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பேன்: முறுக்கினால் இன்ஜின் மட்டும் அலறுகிறதா, நியூட்ரல் விழ மறுக்கிறதா? முன்னது நழுவல், கேபிள் விறைப்போ தேய்ந்த பிளேட்டோ காரணமாகலாம். பின்னது ஒட்டல், நெடுநேரம் நின்ற வண்டியில் எண்ணெயால் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளும், லீவரை இழுத்தபடி நாலைந்து உதை உதைத்தால் பிரியும். விரலை மடக்கி இறுக்குவதைக் குறித்த பழைய ஆங்கில வினையே ‘கிளட்ச்’சின் வேர். நம் ‘பற்று’ம் கைப்பிடிப்பில் தொடங்கி, பாசம், கணக்கில் பற்று வரவு, தலைவலிக்கு நெற்றியில் போடும் பத்து என்று விரிந்தது. கிளட்ச்சுக்கான தமிழ்ச்சொல்லான ‘உரசிணைப்பி’ அதன் வேலையைச் சரியாகவே சொல்கிறது, பட்டறையில்தான் வாயில் நுழையாது. பிளேட்டை ‘பற்றுத்தட்டு’ என்றால் எந்த மெக்கானிக்குக்கும் புரியும்.