ஒரு மரண அறிவிப்பின் மொழி

1938 நவம்பர் 10, வியாழக்கிழமை காலை 9.05 மணிக்கு இஸ்தான்புல் தோல்மாபாஹ்சே அரண்மனையில் முஸ்தஃபா கமால் அத்தாதுர்க் காலமானார். மருத்துவர்களின் அறிக்கையும் அதனையடுத்து அரசின் அறிவிப்பும் நாளேடுகளில் அச்சேறின. எழுத்து லத்தீன் எழுத்து. 1928இல் சட்டமியற்றி அரபு எழுத்தை அகற்றியவர் அவரே. 1932இல் அவர் நிறுவிய மொழிக் கழகம் அரபு, பாரசீகச் சொற்களைக் களையவும் முனைந்தது.

ஆயினும் அம்மருத்துவ அறிக்கையைப் பிறர் வாசிக்கக் கேட்டால் அரபு அறிந்தோர் வியப்புறுவர். குடியரசுத் தலைவர் அதில் 'ரெயிசிஜும்ஹூர்': ரஈஸும் ஜும்ஹூரும் இணைந்த சொல். முந்தைய இரவு வெளியிடப்பட்ட அறிவிப்பு 'தெப்லீ': நாமறிந்த தப்லீக். இறந்தார் என்பதற்கோ 'தெர்கி ஹயாத்': தர்க், ஹயாத் என்னும் இரு அரபுச் சொற்கள் பாரசீக இலக்கண முறைப்படி இணைந்து, 'வாழ்வைத் துறத்தல்' எனப் பொருள்படுகின்றன.

எழுத்தைச் சட்டம் மாற்றியது. துயரச் செய்தியைச் சொல்லவந்த தலைமுறையின் நாவை மாற்ற அதற்குப் பத்தாண்டுகள் போதவில்லை. இழப்பு பின்னர் வந்தது. புதிய எழுத்தில் மட்டுமே பயின்ற பெயரர்களுக்குப் பாட்டனாரின் கல்லறைக் கல்வெட்டே வாசிக்க இயலாததாயிற்று. 'ரெயிசிஜும்ஹூர்' இன்று வழக்கொழிந்து, 'ஜும்ஹுர்பாஷ்கானி' ஆகிவிட்டது. ரஈஸ் போய்விட்டார்; ஜும்ஹூர் மட்டும் நிலைத்திருக்கிறது.